முந்திச் சிரித்த வெர்னா

பர்பேங்க் ஸ்டூடியோவில் ராத்திரி என்பது சாயங்காலமே வந்துவிடும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே நிகழ்ச்சி நடத்தும் டெக்ஸ்டர் குவின் திரையை விலக்கிக்கொண்டு வந்து, "என்னங்க, யாருக்கும் தூக்கம் வரலையா?" என்று கேட்பார். ஊர் அதை டிவியில், படுக்கையில் சாய்ந்துகொண்டு பார்ப்பது பிற்பாடு. அங்கே வாசலில் நின்று, வருகிறவர்களை உள்ளே அனுப்பி இடம் காட்டுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு ஆண்டவர் தந்த வேலை, குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாம் வரிசை ஓர நாற்காலி வெர்னா ஹாலெக்குடையது. எழுதி வைத்ததல்ல, ஆனாலும் அவருடையது. மிசௌரிப் பக்கம் கோழிப் பண்ணை வீட்டில் பிறந்தவர். யுத்தத்தின்போது வேலை தேடி இங்கே வந்து, விமானத் தொழிற்சாலையில் இறக்கைத் தகட்டுக்கு ஆணி அடிக்கும் துப்பாக்கியைப் பிடித்தார். தகட்டுக்கு அந்தப் பக்கம் ஆணியின் முனையைத் தாங்கிப் பிடித்தவர் எர்ல். அவரையே கட்டிக்கொண்டார். பிள்ளை குட்டி இல்லை. ஒரு சனிக்கிழமை புல் வெட்டிக்கொண்டிருந்த எர்ல் அப்படியே சாய்ந்துவிட்டார். அதன் பிறகு சாயங்காலம் ஆனால் வெர்னாவால் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. யாரோ ஒரு அனுமதிச் சீட்டைக் கொடுத்து இங்கே அனுப்பினார்கள்.

வந்த அன்றைக்கே சிரித்தார். வாத்து ஏற்றி வந்த லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சிரிப்பு. குவின் பேச்சை நிறுத்திவிட்டு, "யாரும்மா அது? டாக்டரைக் கூப்பிடவா?" என்றார். கூடம் அதிர்ந்தது. அன்றிலிருந்து செர்ரிப் பழம் குத்திய வைக்கோல் தொப்பியோடு வெர்னா தவறாமல் வருவார். மேடைக்குப் போகும் நகைச்சுவைக்காரர்கள் திரை இடுக்கில் எட்டிப் பார்ப்பார்கள். தொப்பி தெரிந்தால் மூச்சு விடுவார்கள்.

புதிதாக வருகிறவனுக்கு அங்கே ஒரு சோதனை உண்டு. தரையில் ஒட்டிய குறிமேல் நின்று பேச வேண்டும். முடித்ததும் குவின் கையசைத்து சோபாவுக்குக் கூப்பிட்டால் அவன் பிழைத்தான். மறுநாளே நாடு முழுக்க இருந்து அழைப்பு வரும். கைதட்டி மட்டும் விட்டால் திரைக்குப் பின்னால் போய் பஸ் ஏறவேண்டியதுதான்.

ஆர்ச்சி டோலன் பஃபலோ நகரத்தில் செருப்பு விற்றுக்கொண்டிருந்தவன். இரவல் கோட்டில் வந்து குறிமேல் நின்றான். நன்றாகத்தான் பேசினான். ஆனால் அவன் ஜோக் முடியும் முன்பே வெர்னாவின் லாரி கவிழ்ந்தது. ஒருமுறை இல்லை, மூன்று முறை. சனங்கள் அவரைத் திரும்பிப் பார்த்ததில் ஆர்ச்சியின் கடைசி வார்த்தைகள் காற்றில் போயின. குவின் கைதட்டினார். சோபா கிடைக்கவில்லை.

ஆர்ச்சி நேரே லூ க்ராஸ்னரிடம் போனான். லூதான் தயாரிப்பாளர். வைத்தியர் தடுத்ததால் சுருட்டைப் பற்றவைக்காமல் மென்றுகொண்டே இருப்பார்.

"அந்தத் தொப்பிக்காரி யாரு சார்? ஜோக்கோட வால் வெளிய வர்றதுக்குள்ள சிரிக்கிறா! என் பொண்டாட்டிகிட்டகூட சொல்லாத ஜோக் அது!"

"மத்தியானம் ஒத்திகையில சொன்னியேப்பா."

"ஒத்திகையில யாரு இருந்தா? நீங்க, பேண்டுக்காரங்க. அப்புறம்?"

லூ மெல்வதை நிறுத்தினார். அவருக்கு ஏற்கெனவே ஒரு முள் குத்திக்கொண்டிருந்தது. குவின் சொன்ன ஒரு ஜோக், அதே ராத்திரி இன்னொரு சேனலிலும் வந்திருந்தது. இரண்டு இடத்திலும் எழுதுகிறவர்கள் படிப்பது ஒரே செய்தித்தாள் என்று எங்கள் எழுத்தாளர்கள் சத்தியம் செய்தும் அவர் நம்பவில்லை.

என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஓரன், அந்தம்மா உன் சர்ச்சுதானே? எலி உள்ளதான் இருக்கு. யாரு அந்தம்மாவுக்கு முன்னாடியே சொல்றாங்கன்னு பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள தெரியலேன்னா அந்த நாற்காலியில வேற ஆள்."

"அந்த நாற்காலியை விட்டா அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல சார்."

"அதனாலதான் சொல்றேன். அதுக்காக எதையும் செய்வாங்க."

ஒருவர்மேல் கண் வைக்கச் சொன்னால், அவர் தும்மினாலும் தப்பாகத்தான் தெரிகிறது. நிகழ்ச்சி முடிந்ததும் வெர்னா மெழுகுக் காகிதத்தில் சுற்றிய எலுமிச்சைக் கேக்கை ட்ரம்ஸ் வாசிக்கும் டக் மோஸ்லிக்குக் கொடுப்பார். தினமும் அவருக்கு மட்டும். எனக்கு ஒரு துண்டு வந்ததில்லை. டக் சர்ச்சுக்குப் போகிற ஆள் அல்ல, குதிரைப் பந்தய ஆள். ஒத்திகை முழுக்க உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

புதன்கிழமை வெர்னாவை என் காரில் சர்ச்சுக்குக் கூட்டிப்போனேன்.

"சிஸ்டர், டக் உங்ககிட்ட ஜோக்கெல்லாம் முன்னாடியே சொல்லிடுறாரா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வாயே திறக்கவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது மறுபடி கேட்டேன். அவர் வெளியே பார்த்தபடியே, "இங்கெல்லாம் அந்தக் காலத்துல வால்நட் தோப்பு, தெரியுமா பிரதர்?" என்றார். கேள்விக்கும் தோப்புக்கும் என்ன சம்பந்தம்?

அன்று ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் எல்லாரையும் கண்களை மூடச் சொன்னார். நான் அரைக்கண்ணால் பார்த்தேன். வெர்னாவின் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன, பாஸ்டரின் வாயைவிட்டு அசையாமல். கண் திறந்து ஜெபிக்கிறவரை என்னவென்று சொல்வது? மனசு கனத்துப்போய், ஆண்டவரே உண்மையை நீரே காட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கேக் விஷயம் லூவின் கண்ணிலும் பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஆட்களை விட்டு, கட்டடங்கள் வரைந்த பெரிய பலகைக்குப் பின்னால் ட்ரம்ஸை நகர்த்தச் சொன்னார்.

டக் கத்தினார். "லாயத்துக் குதிரைகூட தலையை வெளிய நீட்டும்யா! என்னை எதுக்கு இந்தப் பொந்துக்குள்ள தள்றீங்க?"

"சத்தம் ஜாஸ்தியா இருக்காம். உள்ள போ."

குவின் வந்தார். முதல் ஜோக்குக்குக் கூடம் சிரித்தது. வெர்னா மட்டும் ட்ரம்ஸ் இருந்த இடத்தையே எட்டி எட்டிப் பார்த்தார். இரண்டாவதற்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார், எல்லாரும் நிறுத்திய பிறகும் விடவில்லை.

"வெர்னா, நேத்து ஜோக்குக்கு இன்னிக்கு சிரிக்கிறீங்களா?" என்றார் குவின். கூடம் வெர்னாவைப் பார்த்துச் சிரித்தது. அவரும் கூடவே சிரித்தார். என்னால் பார்க்க முடியவில்லை.

லூ என் விலாவில் இடித்தார். "சைகை நின்னுச்சு, சிரிப்பும் நின்னுச்சு. மாட்டினாங்க."

கூடம் காலியான பிறகு வெர்னா நாற்காலியருகே நின்று கைப்பையை மூடிக்கொண்டிருந்தார். நான் எதிரே நின்றேன். லூ அவர் முதுகுக்குப் பின்னால் வந்து குரலை உயர்த்தினார். "எத்தனை நாளா நடக்குதும்மா இது? டக் உங்களுக்கு என்னென்ன சொன்னான்? இனிமே இந்த வாசல்ல உங்களைப் பார்க்கக் கூடாது!"

வெர்னா திரும்பவே இல்லை. பையின் கொக்கியைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்ன பிரதர், முகம் இப்படி வெளுத்துப்போச்சு? மதியம் சாப்பிடலையா?"

கூடத்தின் கடைசி வரிசை வரைக்கும் எட்டிய சத்தம் அது. ஒரு முழத் தூரத்தில் இருந்தவருக்கு எட்டவில்லை. லூவின் சுருட்டு கீழே விழுந்தது.

நான் வாயை நன்றாகத் திறந்து, "சிஸ்டர், காது கேக்கலையா?" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். "ஆணி அடிச்ச காது பிரதர். கொஞ்சம் கொஞ்சமா போச்சு. எர்ல் போன கையோட மிச்சமும் போச்சு. வாய் நேரா தெரிஞ்சா புரிஞ்சுக்குவேன். மேடையில இருக்கிறவங்க வாய் எங்க தெரியுது?"

"அப்போ ஜோக்கு?"

"டக்கோட வலது தோள். ஜோக் முடியப்போற நேரத்துல அது மெல்ல ஏறும். கடைசி வார்த்தைக்கு அவர் அடிக்கணும்ல? தோள் ஏறினா, இப்போ இத்தனை பேரும் சிரிக்கப்போறாங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் என்னால அடக்க முடியாது."

"அதுக்குத்தான் கேக்கா?"

"எனக்கு ஜோக் சொல்றவரு அவருதானே. பாவம், அவருக்கே தெரியாது."

லூ இப்போது அவர் முன்னால் வந்து நின்றார். "அப்போ இத்தனை வருஷமும் பொய்ச் சிரிப்பு."

"வந்த சிரிப்பைத்தான் சிரிச்சேன் சார். ஆனா செவிட்டுக் கிழவின்னு சொல்லியிருந்தா ஓர நாற்காலி குடுத்திருப்பீங்களா?"

லூ குனிந்து சுருட்டைப் பொறுக்கினார். திரைக்குப் பக்கத்தில் குவின் நின்றுகொண்டிருந்தார், பாதி முகத்தில் பவுடர் துடைத்தபடி. எவ்வளவு கேட்டாரோ தெரியாது. டக்கின் பலகைப் பக்கம் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்தார்.

"அப்போ இவ்வளவு நாளும் நல்லா இருந்தது நானா, அவன் தோளா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் வெர்னாவின் முன்னால் வந்து, வாய் தெரியும்படி நின்று, "திங்கக்கிழமை வாங்கம்மா" என்றார்.

"அன்னிக்கும் ட்ரம்ஸ் பலகைக்குப் பின்னாலதான்" என்றார் லூ. "என்ன நடக்குதுன்னு நானும் பார்க்கறேன்."

திங்கட்கிழமை குவினின் நான்காவது ஜோக் செத்துப் பிறந்தது. ஒரு இருமல்கூட இல்லை. குவின் அடுத்ததற்குப் போகவில்லை. விளக்கை அண்ணாந்து பார்த்தார். டையைக் கொஞ்சம் தளர்த்தினார். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு, ஒரு வார்த்தையும் பேசாமல், செய்யாத குற்றத்துக்கு நிற்கிறவன் மாதிரி சும்மா நின்றார்.

மூன்றாம் வரிசையில் லாரி கவிழ்ந்தது.

வெர்னா தொப்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறச் சிரித்தார். மற்ற எல்லாரும் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள். டக் பலகைக்கு அந்தப் பக்கம் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இடைவேளையில் லூ என்னிடம் வந்தார். "டக்கைத்தான் மறைச்சாச்சே. எப்படி அவ்வளவு சரியா சிரிச்சாங்க? கையைக் காட்டினது நீதானே?"

"என் கை ரெண்டும் பையில இருந்துச்சு சார்."

"பைக்குள்ள என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

நாற்காலியை அவர் எடுக்கவில்லை. அது வெர்னாவிடமே இருந்தது. ஆர்ச்சி டோலன் இரண்டாம் முறை வந்து சோபாவில் உட்கார்ந்த நாளிலும் அவர்தான் முதலில் சிரித்தார். அதை நான் பார்க்கவில்லை. கை காட்டினேன் என்று என்னைத்தான் பின்வாசலுக்கு மாற்றிவிட்டார்களே. அங்கே மேடை தெரியாது, சிரிப்பு மட்டும் கேட்கும். வெர்னா வெளியே போகும்போது டக்குக்கு ஒரு பொட்டலம், இப்போது எனக்கும் ஒன்று. லூ நடைபாதை மூலையில் நின்று அதையும் பார்த்துக்கொண்டிருப்பார்.