உப்புப் பார்க்காத நண்டு சூப்

என் வீட்டுக்காரர் சக்கரபாணி, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வழியாகப் பாண்டிச்சேரி போகும் தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தார். போன மாதம் ஒரு நாள் காலை, மரக்காணம் தாண்டியதும் விசிலைக் கையில் பிடித்தபடியே சீட்டில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பிறந்தது கெடாரில், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலை போடும் குடும்பத்தில். கடலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. பஸ்தான் அவரைக் கடல் பக்கம் கொண்டுபோனது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் விழுப்புரத்து டாக்டர் ஒருவர் பி.பி. அதிகம் என்றார். அன்று வீட்டுக்கு வந்து, "எண்ணெயைக் குறைக்கணுமாம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்பு நின்றது, நண்டு சூப் வந்தது.

ஞாயிறு மதியத்தோடு அவருக்கு டூட்டி முடியும். கடைசி டிரிப்பில் பொம்மையார்பாளையம் ஸ்டாப்பில் இறங்கி, ரோட்டோரம் மீன் விற்கும் ஆரோக்கியசெல்வியிடம் நண்டும் இறாலும் வாங்கி, ஒயர் கூடையில் போட்டுக் கடைசி சீட்டுக்கு அடியில் வைப்பார். ஒரு தடவை இரண்டு நண்டு வெளியே வந்துவிட்டதாம். "டிக்கெட் எடுக்காம ஏறிட்டானுங்க, நான் பாத்துக்கறேன். நீங்க கால மட்டும் தூக்கிக்கோங்க" என்றாராம். டிரைவர் தேவநாதன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சாயங்காலம் நான் ஹாலில் பள்ளிக்கூடத்துப் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பேன். உள்ளே அவர் இடிக்கும் சத்தம் கேட்கும். பிறகு ஒரு டம்ளர் என் முன்னால் வரும். அவருடைய டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவர் சமையலறை வாசலில் சாய்ந்து நிற்பார். அதில் என்னென்ன போடுகிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

முப்பதாம் நாள் படையலுக்கு முந்தின நாளே கெடாரிலிருந்து நாத்தனார் பாஞ்சாலி வந்தார்.

"அவனுக்குப் புடிச்சத வைக்கணும். என்னா புடிக்கும்?"

"நண்டு சூப், அண்ணி."

"நண்டா? சின்னதுல நண்டப் பாத்தா ஓடுவானே."

"அது அப்போ."

"செரி, எப்டி செய்வான்?"

"தெரியல."

"அஞ்சு வருஷமா குடிச்சிக்கினு இருந்திருக்க."

"குடிச்சேன்" என்றேன்.

மறுநாள் காலை, நான் கேட்டுக்கொண்டபடி நண்டு வாங்கத் தேவநாதன் பொம்மையார்பாளையத்தில் நின்று, எனக்குப் போன் போட்டு ஆரோக்கியசெல்வியிடம் கொடுத்தார்.

"டீச்சரம்மா, நாந்தான் அண்ணனுக்குச் சொல்லிக் குடுத்தது. நண்டுக் கால இடிச்சுப் போட்டுக் கொதிக்க வைக்கணும். பூண்டு, மொளகு, சீரகம், சின்ன வெங்காயம், தக்காளி. கடைசில இறாலு. அவ்ளோதான்."

"கொஞ்சம் கெட்டியா இருக்குமே."

"கெட்டியாவா? இருக்காதே."

பின்னாலிருந்து தேவநாதன் குரல் கேட்டது. "இருக்கும். கேப்பை மாவு கரைச்சு ஊத்துவாரு."

"கூழுக்குப் போடுறத எவன்யா சூப்புல போடுவான்?"

"எங்க அண்ணன் போடுவாரு. திங்கக்கிழமை பிளாஸ்க்ல கொண்டாருவாரு. நான் குடிச்சிருக்கேன், நீ குடிச்சியா?"

பிளாஸ்க்கில் இருந்தது டீ என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நண்டு வந்தது. ஓட்டைக் கழற்றிக் கழுவி, காலை இடித்தேன். அரிசி கழுவின தண்ணீரில் போட்டேன். அவர் அரிசி கழுவின தண்ணீரை எடுத்து வைத்ததைப் பார்த்த மாதிரி ஒரு ஞாபகம். அது சூப்புக்கா, செடிக்கா என்பது தெரியாது. கொதித்து ஓடு சிவந்தபோது வீட்டில் பழைய வாசனை வந்தது. கேப்பை மாவைக் கரைத்து ஊற்றியதும் போய்விட்டது. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போட்டேன். கொஞ்சம் திரும்பி வந்தது. கரண்டியை வாய்ப் பக்கம் கொண்டுபோயிருப்பேன் போலிருக்கிறது.

"இளவரசி" என்றார் நாத்தனார், வாசலில் நின்றபடி. "படையலுக்கு வைக்கிறத வாய்ல வைக்கக் கூடாது. அவன் சாப்பிட்டப்புறந்தான் நாம."

"சரியா இருக்கான்னு எப்டித் தெரியும்?"

"தெரியாமதான் வைக்கணும். எல்லாரும் அப்டித்தான் வைக்கிறோம்."

உப்பைக் கையில் எடுத்தேன். எவ்வளவு என்று பிடிபடவில்லை. கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று திரும்ப ஜாடியில் கொட்டினேன். அதற்குள் கற்பூரம் எங்கே, இலை எங்கே என்று கூப்பிட்டார்கள்.

படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருடைய டம்ளரில் சூப்பை ஊற்றி வைத்தோம். கற்பூரம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். அவர் வந்து சாப்பிடுவதற்கு விடும் நேரம் அது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று அப்போதும் தெரியவில்லை. ஆனால் சூப் தப்பாக இருந்தால் அவர் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்ததும் நாத்தனார்தான் முதலில் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"உப்பே இல்ல."

நாத்தனார் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு கல்லு உப்பு கூடப் போடல. முப்பதாம் நாளும் அதுவுமா எந்தம்பிக்குச் சப்புன்னு வெச்சிட்டியே."

ஜாடியில் திரும்பக் கொட்டிய உப்பு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இனி ஒன்றும் செய்ய முடியாது. தேவநாதன் மட்டும் தன் டம்ளரை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"டீச்சர், இதாங்க அது."

"எது?"

"அண்ணன் சூப்பு. இப்டியேதான் இருக்கும். உப்பத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு இல்ல? எனக்கு எறங்காது, எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்குவேன். அண்ணன் அப்டியே குடிப்பாரு."

"எண்ணெயைக் குறைக்கத்தானே சொன்னார்?"

"உப்புந்தாங்க."

"நான் குடிச்சதுல உப்பு இருந்ததே."

தேவநாதன் என்னையும் நாத்தனாரையும் பார்த்தார். "உங்களுக்குத் தனியாப் போட்டிருப்பாரு."

நாத்தனார் கீழே வைத்த டம்ளரை மறுபடி எடுத்தார். ஒரு வாய் குடித்தார். "அப்ப குடிச்சிருப்பான்" என்றார், யாரிடமும் இல்லாமல். முழுவதையும் குடித்தார்.

ஐந்து வருஷம் ஒரே சூப்பைக் குடித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை? சொன்னால் நானும் உப்பை விட்டுவிடுவேன் என்றா? சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை என்றா? பேப்பரிலிருந்து நான் தலையைத் தூக்கவே இல்லை என்றா? ஒவ்வொன்றும் சரி மாதிரி இருக்கிறது, ஒன்றும் சரியாக இல்லை.

எல்லோரும் போன பிறகு பாத்திரத்தின் அடியில் ஒரு டம்ளர் மீதி இருந்தது. சூடு பண்ணினேன். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்துப் பார்த்தேன். நான் குடித்த ருசி அது இல்லை. இன்னொரு சிட்டிகை போட்டேன். கரித்தது. அவருடைய சூப் எப்படியோ சரியாக வந்துவிட்டது. என் டம்ளரில் அவர் எவ்வளவு உப்புப் போட்டார் என்பதுதான் தெரியவில்லை.