பப்பாசிக்கு ஒரு மெத்தை

மூதூரில் ஒரு வீட்டில் கலியாணம் நிச்சயமானால், பெண்ணின் தாய் நேரே ஸல்ஹாவைத் தேடித்தான் வருவாள். ஸல்ஹா தைத்த மெத்தை கட்டி தட்டாது என்று ஊரில் பேர். இலவம் பஞ்சை விரலால் பிய்த்து, வெயிலில் காயவைத்து, ஆறுதலாக அடைப்பாள். அவசரப்படுத்துகிறவர்களிடம் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். புருஷன் மௌத்தாகிக் கைம்பெண்ணான பிறகு, கூடப்பிறந்த மூத்தவர், காக்கா ஆதம்பாவாவின் வீட்டில் இருந்தாள். பிள்ளைகள் இல்லை.

நாற்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பான்காரர்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டார்கள். விரிகுடாவுக்கு இந்தப் பக்கம், மூதூரில் நின்றவர்களுக்கும் புகை தெரிந்தது. பட்டணத்துச் சனம் காட்டுப் பக்கம் ஓடியது. மூதூரில் கலியாணங்களைத் தள்ளிப் போட்டார்கள். ஸல்ஹாவின் பஞ்சு மூட்டைகள் அறைக்குள் சும்மா கிடந்தன.

ஆதம்பாவாவுக்கு மட்டும் வேலை கூடியது. கடற்படை ஆஸ்பத்திரிக்குப் பழம் கொடுக்கும் பொறுப்பைப் பட்டணத்துக் குணரத்தினம் எடுத்திருந்தார். நோயாளிகளுக்கு மெதுவான பழம் வேண்டும் என்று பப்பாசியையே, பப்பாளிப் பழத்தையே, அதிகம் கேட்டார்கள். அவருக்காக ஆதம்பாவா தோட்டம் தோட்டமாக வாங்கி, பிரம்புக் கூடைகளில் அடுக்கி, பாய்வள்ளத்தில் கொண்டுபோவார். போகும்போது பொன்னாக இருந்த பழம் அங்கே திறக்கும்போது கன்றிக் கறுத்திருக்கும். குணரத்தினம் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டில் காலையும் மாலையும் பப்பாசி. ஆதம்பாவாவின் பிள்ளைகள் அதைக் கண்டாலே எழுந்து ஓடினார்கள்.

பழத்துக்கு மெத்தை போட்டால் என்ன என்று ஸல்ஹா கேட்டபோது ஆதம்பாவா சிரித்தார். அவள் விடவில்லை. சிறு சிறு பஞ்சுத் திண்டுகள் தைத்து, ஒவ்வொரு பழத்தையும் சுற்றி இறுக்கமாக அடுக்கிக் கொடுத்தாள். வெயில் எரித்த நாள் அது. அக்கரையில் கூடையைத் திறந்தபோது பழங்கள் சூட்டில் புழுங்கி, தொட்ட இடமெல்லாம் குழைந்திருந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆதம்பாவாவின் மனைவி, மதினி நஜ்முன் நிஸா ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுதான் ஸல்ஹாவுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து ஸல்ஹா, காக்கா வள்ளத்துக்குக் கிளம்பும்போது முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நானும் வாறன் காக்கா. எந்த இடத்தில அடிபடுதெண்டு பாக்க வேணும்."

"குண்டு விழுற இடம் தங்கச்சி."

"நீங்க போறீங்கதானே."

பிறந்த நாளிலிருந்து அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றுதான் முதல் தடவையாக விரிகுடாவைக் கடந்தாள். வழியெல்லாம் கூடைகளிலேயே கண் வைத்திருந்தாள். வள்ளம் சாய்ந்தது, நிமிர்ந்தது, பழம் அசையவில்லை. இறங்குதுறையில்தான் விஷயம் தெரிந்தது. தொழிலாளர் இருவர் கூடையின் காதைப் பிடித்துத் தூக்கிக் கல்லில் தொப்பென்று போட்டார்கள். அடித்தட்டுப் பழங்கள் அங்கேயே நசிந்தன. மெல்ல வைக்கச் சொல்லுங்கள் என்று குணரத்தினத்திடம் கேட்டுப் பார்த்தாள். கப்பல் சாமான் வரிசையாகக் காத்து நிற்கும்போது அதெல்லாம் ஏலாது என்றார் அவர்.

திரும்பி வரும் வழியில் அவளுக்கு யோசனை பிடிபட்டது. கூடைக்குள்ளே பஞ்சு வேண்டாம். தண்ணீர்க் குடத்துக்குத் தலையில் வைக்கிற சும்மாடு போல வைக்கோலைத் திரித்து, ஒரு பழத்துக்கு ஒன்று என்று வைத்தாள். பழம் பழத்தில் முட்டாது. இடையில் காற்றும் போகும். பஞ்சைத் தடித்த சாக்கில் அடைத்து, கூடையின் அடியில், வெளிப்புறத்தில் தைத்தாள். எறிகிறவர்கள் எறியட்டும், கூடை மெத்தையில் விழும்.

அடுத்த பயணத்திலும் அவள் போனாள். தொழிலாளர் வழக்கம்போலத்தான் போட்டார்கள். சத்தம் மட்டும் வரவில்லை. குணரத்தினம் வைக்கோலை விலக்கி அடித்தட்டு வரைக்கும் கையை விட்டுத் தடவினார். ஒரு பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இண்டைக்குத் திருப்பி அனுப்ப ஒண்டுமில்லை," என்றார். "இனி எல்லாக் கூடையும் இப்பிடியே வரட்டும்."

ஸல்ஹா தலையை ஆட்டினாள். சிரிப்பு வந்தது, முக்காட்டை இழுத்து மறைத்துக்கொண்டாள்.

வேலை பெருகியது. பக்கத்து ஊரான சம்பூரிலிருந்து கோணேஸ்வரி என்றொருத்தி வைக்கோல் கொண்டுவந்து தந்தாள். பிறகு அவளும் கூடவே உட்கார்ந்து சும்மாடு திரிக்கப் பழகினாள். முற்றத்தில் இருவருடைய கதையும் முடியாது. ஸல்ஹா யுத்தச் செய்திகளையும் அந்தக் கதையோடு கதையாகவே கேட்டுக் கடத்தினாள்.

யுத்தம் முடிந்து ஆஸ்பத்திரிக்காரர் கேட்பது குறைந்த பின்னும், பழம் பட்டணத்துக் கடைகளுக்குப் போனது. பொதி கட்டும் வேலையை மற்றவர்கள் நன்றாகவே பழகிவிட்டார்கள். ஸல்ஹா போகவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் காற்று நல்லாயிருந்தால் வள்ளத்தில் ஏறிவிடுவாள். பட்டணத்தில் நூலோ ஊசியோ வாங்க வேண்டும் என்று சொல்லுவாள். நடுக்கடலில் பாய் நிறையும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் விடுவாள். ஆதம்பாவா பார்த்தும் பாராதவர் போல வள்ளத்தின் முன்னால், அணியப் பக்கம் திரும்பி இருந்துகொள்வார்.