டெய்லரக்கா செய்த செடிமேசை

"இடுப்பு முப்பத்தெட்டு. போன தடவை முப்பத்தாறரை. வீட்டுச் சாப்பாடு நல்லா ஒத்துக்குது போல."

நாம் கதவைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைப்பதற்குள் டெய்லரக்கா அளவைச் சொல்லிவிடுவார். வாயில் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். அவற்றை உதட்டோரம் ஒதுக்கிக்கொண்டே பேசுவார், சிரிப்பார், வாடிக்கையாளரைத் திட்டவும் செய்வார். இதுவரை ஒரு ஊசியையும் விழுங்கியதில்லை. "விழுங்கியிருந்தா உள்ளேயே தைச்சு முடிச்சிருப்பேன்" என்பார்.

அவர் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். கீழே முன்னறைதான் தையற்கூடம். இரண்டு இயந்திரங்கள், ஒரு நீள வெட்டுமேசை, சுவரில் ஆணியடித்து மாட்டிய காகித அளவுகள். தெருவில் பாதிப் பேருடைய உடம்பு அந்தச் சுவரில் தொங்குகிறது. அக்காவின் பேச்சில் ஒரு பழக்கம் உண்டு: துணி வெட்டும்போது தையலுக்கென்று ஓரம் விடுவது போல எதையும் கொஞ்சம் கூட்டியே சொல்வார். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றால் பதினைந்தாகும் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. "பத்து நிமிஷம், தையலுக்கு ரெண்டு" என்று அவரே சொல்லிவிடுவார்.

அவருடைய கணவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அண்ணன் என்றுதான் நான் கூப்பிடுவேன். ஊர் ஊராகப் போய்த் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் ஒரு செடியோடு வருவார். பின்கட்டில் குழாயடியைச் சுற்றி அறுபது தொட்டிகளாவது இருந்தன. எட்டு மாதத்துக்கு முன் சரக்கின் மேல் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. சக்கர நாற்காலி வந்தது. அதை முன்னறை ஜன்னலோரம், தெருவைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். பின்கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. குனியாமல் செடி வளர்க்க முடியாதாம். ஒருமுறை சொன்னார், அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

செடிகளுக்கு அக்கா தண்ணீர் ஊற்றினார். ஊற்றினார் என்பதைவிட மூழ்கடித்தார் என்பதே சரி. அறுபதில் இருபத்தெட்டு மிஞ்சியது.

ஒரு காலை வேளையில் நான் இறங்கி வந்தபோது அக்கா நாற்காலியின் முன்னால் மண்டியிட்டு, அண்ணனை அளந்துகொண்டிருந்தார்.

"கையை முன்னால நீட்டுங்க. இன்னும். வலிக்காம எவ்வளவு எட்டுமோ அவ்வளவு."

"எதுக்கு?"

"முழுக்கைச் சட்டை."

டேப் அடுத்து தரையிலிருந்து முழங்காலுக்கு ஏறியது.

"சட்டைக்கு எதுக்குடி முழங்கால்?"

"இது புது மாதிரிங்க."

"முழங்கால் வரைக்கும் சட்டை போட்டு என்னை என்ன கோமாளி ஆக்கப் போறியா?"

அக்கா வாயில் ஊசி இருக்கிற மாதிரி பாவனை செய்தார். இருபத்தைந்து, இருபத்துமூன்று என்று நோட்டில் எழுதிக்கொண்டார். மாடிப்படியில் என்னைப் பிடித்து நிறுத்தி, "வாயைத் திறக்கக் கூடாது" என்ற முன்னுரையோடு விஷயத்தைச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மண் கலந்து, நாற்று மாற்றி, தொட்டி நிரப்ப ஒரு மர மேசை. கால் இரண்டும் அடியில் போக இடம். கை எட்டும் தூரத்துக்குள் எல்லாமே.

"தச்சர்கிட்ட சொன்னா செஞ்சு தருவாரே அக்கா?"

"இருபத்தாறு வருஷமா அந்த மனுஷன் உடம்புல வேற யாரு தைச்ச துணியும் ஏறலை. மேசைக்கு மட்டும் வேற ஆளா?"



தெருமுனைத் தச்சர் நல்ல மனிதர். தன் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூலையை அக்காவுக்கு ஒதுக்கித் தந்தார். அண்ணன் வேலை பார்த்த லாரி செட்டில் கழித்துப்போட்ட சரக்குப் பலகைகளை அக்கா கேட்டு வாங்கி வந்திருந்தார். பலகையின் மறுமுனையைப் பிடிப்பது என் வேலை. "துணி கொடுத்துட்டு வரேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு இருவரும் கிளம்புவோம். இரண்டு வாரம் தெருவே புதுத்துணி உடுத்தியிருக்க வேண்டும், அத்தனை துணி கொடுத்தோம்.

முதல் நாள் அக்கா சுருட்டி எடுத்து வந்ததைப் பார்த்துத் தச்சர் பீடியைப் பற்றவைக்க மறந்தார். பழுப்புக் காகிதத்தில் அக்கா மேசையின் ஒவ்வொரு உறுப்பையும் முழு அளவில் வெட்டி வைத்திருந்தார். முன்வலது கால், முன்இடது கால், பின்வலது கால் என்று எழுதியும் இருந்தது.

"நாலு காலும் ஒண்ணுதானே அக்கா?"

"சட்டைக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான். மாத்தி வெச்சுத் தைச்சுப் பாருங்க, தெரியும்."

காகிதத்தைப் பலகைமேல் குத்த முடியாமல் குண்டூசி வளைந்தது. சுத்தியலால் அடித்தார். பிறகு தையல் சுண்ணக்கட்டியால் ஓரம் வரைந்து ரம்பத்தைப் பிடித்தார். கத்தரிக்கோலைப் பிடித்த கை. ரம்பத்தையும் முன்னால் தள்ளி மூடப் பார்த்தது. மூன்று நாளில் பழகிவிட்டது. ஆனால் எல்லாப் பலகையும் அரை இன்ச் நீளமாக வந்து நின்றது.

"என்னக்கா இது, எல்லாம் துருத்திக்கிட்டு நிக்குது?"

"தையலுக்கு விட்டிருக்கேன்."

"மரத்தை எங்க மடிச்சுத் தைப்பீங்க?"

அக்கா ஒரு நொடி யோசித்தார். பிறகு அவரும் சிரித்து, தச்சரும் சிரித்து, நானும் பலகையைக் கீழே போட்டேன். அது தச்சரின் காலில் விழுந்ததால் சிரிப்பு சீக்கிரம் நின்றது.

நிஜமான சண்டை குறுக்குச் சட்டத்தில் வந்தது. முன்கால்கள் இரண்டுக்கும் நடுவே கீழே ஒரு சட்டம் இல்லாவிட்டால் மேசை ஆடும் என்றார் தச்சர். சட்டம் போட்டால் நாற்காலி உள்ளே போகாது என்றார் அக்கா. இரண்டுமே உண்மை. தச்சர் கையை விரித்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வரும்போது அக்கா ஒரு பழைய சட்டையின் அக்குளை உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதோ பாருங்க. கையைத் தூக்கும்போது இந்த இடம் இழுபடும். கிழியாம இருக்க ஒரு முக்கோணத் துண்டு வெச்சுத் தைப்போம். இதையே உங்க மூலையில வெச்சா என்ன?"

தச்சர் சட்டையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "இது நாங்களும் வைக்கிறதுதான்கா. இந்த இடத்துக்கு எனக்குத்தான் தோணலை" என்று சொல்லி, இருப்பதிலேயே நல்ல துண்டாக ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். முக்கோணங்கள் மூலைக்கு மூலை ஏறின. அக்கா மேசைமேல் ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. ஓரங்களைத் தேய்த்துத் தேய்த்து, அண்ணனின் முழங்கை படும் இடத்தில் துணி சிக்குகிறதா என்று பட்டுத்துணியால் இழுத்துச் சோதித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அண்ணன் கண்ணயர்ந்த நேரம் பார்த்து நாங்கள் மூவரும் அதைப் பின்கட்டில் குழாயடியில் கொண்டுபோய் வைத்தோம். அக்கா தலைவாரிக்கொண்டு போய் அவரை எழுப்பினார்.

"எனக்கு வெயில் வேண்டாம்."

"வெயில் இறங்கிடுச்சு. ஒரு நிமிஷம், தையலுக்கு அரை நிமிஷம்."

பின்கதவில் நாற்காலி நின்றது. அண்ணன் மேசையைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா மெல்லத் தள்ளினார். முழங்கால்கள் பலகைக்கு அடியில் அழகாக நுழைந்தன. அடுத்த நொடி 'டக்' என்று ஒரு சத்தம். நாற்காலியின் கைப்பிடிகள் இரண்டும் மேசை விளிம்பில் முட்டி நின்றன. மண் இருக்க வேண்டிய இடத்துக்கும் அண்ணனுக்கும் நடுவே ஒரு முழ தூரம்.

தச்சர் வானத்தைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன்.

"ஆளை அளந்தேன்" என்றார் அக்கா.  "நாற்காலியை அளக்காம விட்டுட்டேனே."

தெருவின் உடம்பையெல்லாம் கண்ணாலேயே அளப்பவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். ஒரு சட்டைகூட அவரிடம் திரும்பி வந்ததில்லை. இது கண்முன்னாலேயே திரும்பி வந்து நிற்கிறது. இதோடு அண்ணன் ஜன்னலுக்குப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நாற்காலியைப் பின்னால் இழுக்கக் கை வைத்துவிட்டார்.

"இரு. இழுக்காத."

அண்ணன் தலையைச் சாய்த்து விளிம்புக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நுழைத்துத் தடவினார். முக்கோணத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"எவ்வளவு இடிக்குது?"

 அண்ணன் கையை நீட்டி, அக்காவின் கழுத்திலிருந்த டேப்பை உருவினார். அந்த டேப் இன்னொருவர் கைக்குப் போய் நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டு இன்ச்சு. ஆனா ரெண்டே முக்கால் ஏத்தணும். தரை அந்தப் பக்கம் சரிவு. சந்துக்குள்ள வண்டிய விடுறப்ப உரசாம இருக்க இடம் வேணுமில்ல?"

"அப்ப கழட்டிடவா அண்ணே?" என்றார் தச்சர்.

"எதுக்குக் கழட்டணும்? காலுக்கு அடியில கட்டை குடு. ஒரு பக்கமாத் தூக்கு. டயர் மாத்தினதே இல்லையா நீ?"

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "குட்டையாப் போன கவுனுக்குக் கீழ பட்டை வெச்சுத் தைக்கிற மாதிரி" என்று முணுமுணுத்தார்.

அடுத்த அரைமணி நேரம் பின்கட்டு லாரி செட் ஆனது. தச்சரும் நானும் தூக்கினோம், அக்கா கட்டையைச் செருகினார். அண்ணன் நாற்காலியில் இருந்தபடி, சந்துக்குள் பின்பக்கமாக வண்டி எடுப்பவருக்குச் சொல்வது போல, "வரட்டும்... வரட்டும்... இடதுல கொஞ்சம்... நிறுத்து!" என்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்து மாடிவீட்டு ஜன்னல்கள் இரண்டு திறந்தன. எட்டு மாதமாகக் கேட்காத குரல் அது.

கட்டைகளை அடித்து இறுக்கியதும் அவரே சக்கரத்தைத் தள்ளினார். கைப்பிடிகள் உரசாமல் உள்ளே போயின. முழங்கையைப் பலகைமேல் ஊன்றினார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அந்தக் கத்தரிச் செடியை யாரு அப்படி அமுக்கி வெச்சது? வேர் மூச்சுவிட இடமில்ல. இதுல குளம் வேற கட்டி வெச்சிருக்கு."

"நான்தான்."

"நீ துணிய மட்டும் தைச்சுக்கிட்டு இரு. செடி பக்கம் வராத."

"சரிங்க" என்றார் அக்கா. பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி முகம்.

மண் வந்தது, தொட்டி வந்தது. தச்சர் கைகழுவிக்கொண்டு கிளம்பினார். அக்காவும் நானும் பின்கதவுப் படியில் உட்கார்ந்தோம். அண்ணன் கத்தரிச் செடியைக் கவிழ்த்து, வேரோடு ஒட்டிய ஈரமண்ணை விரலால் உதிர்த்தார். புதுமண் போட வேண்டும். மண்கரண்டியோ தச்சர் மறதியாக வைத்துவிட்டுப் போன இடத்தில், மேசையின் அந்தக் கோடியில் கிடந்தது. அண்ணன் ஒரு கையால் செடியைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டினார். நாலு விரல் தூரம் எட்டவில்லை. உடம்பைச் சாய்த்து மறுபடி நீட்டினார்.

பக்கத்தில் அக்கா பாதி எழுந்துவிட்டார். பிறகு மெதுவாக உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.