யாரும் திரும்பிப் பார்க்காத பெயர்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தெருக்கோடி அம்மன் கோவிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். குருக்கள் பெயர் நட்சத்திரம் கேட்டார். "புவனேஸ்வரி, ரேவதி" என்றேன். அவர் மந்திரம் சொல்லத் தொடங்கியபோது வாசல் பக்கம் பார்த்தேன். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கௌரம்மா வெளியே நின்றிருந்தார். தினமும் உள்ளே வந்து கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர், அன்று படியேறவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அர்ச்சனை முடிந்து நான் வெளியே வரும்வரை காத்திருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிலேர்ந்து உங்க வீட்டுக்காரரு போன் பண்ணாரும்மா. புவனக்கா போயிட்டாங்க" என்றார்.

குருக்கள் அந்தப் பெயரைச் சொன்னபோது, அதற்குத் திரும்பிப் பார்க்க, பெயருக்கு உரியவர் இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்பது, அவர் செய்த வேலையைச் சொன்னால்தான் விளங்கும்.

புவனேஸ்வரி அவர்கள் என் கணவரின் அக்கா. ஆம்பூர்ப் பக்கத்து எங்கள் வழக்கப்படி நான் அவரை அண்ணி என்றே அழைப்பேன். மணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தார். ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினார். சிறுவர் மாத இதழ் ஒன்றில் மாயாஜாலத் தொடர்கதை எழுதினார். பிற்காலத்தில், கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு, அதில் வரும் அரக்கர்களுக்கும் சூனியக்காரர்களுக்கும் பெயர் வைத்துக் கொடுத்தார். "அதுக்குக்கூடவா சம்பளம் குடுக்கறாங்க?" என்று என் அம்மாவே கேட்டதுண்டு. வீட்டுக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிற எனக்கும், ஒரு மாதம் யோசித்து ஒரே ஒரு பெயர் என்பது எந்த வரவில் சேரும் என்று முதலில் புரியவில்லை.

தொண்ணூற்றொன்றில் மணமாகி, கன்னட நாட்டில் இருக்கும் ஜீவனஹள்ளிக்கு வந்தேன். அந்த ஆண்டின் கடைசியில், ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் ஊரில் தமிழர்களுக்குக் கெட்ட நாட்கள் வந்தன. கேட்டில் மாட்டியிருந்த என் மாமனாரின் பெயர்ப்பலகையை என் கணவர் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார். கௌரம்மா கன்னடக்காரர். நாங்கள் கேட்காமலேயே மாடிக்கு வந்து, கீழே தம் வீட்டின் பின்னறைக்கு எங்களை அழைத்துப் போனார். யாராவது கேட்டால் ஊரிலிருந்து வந்த உறவு என்று சொல்லிக்கொள்வதாகவும், நாங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றும் சொன்னார்.

அந்த அறையில் அண்ணி தம் தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தார். கௌரம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவரைக்காய் உரித்தபடியே, படித்துக் காட்டச் சொன்னார். அண்ணி தாழ்ந்த குரலில் படித்தார். குழந்தைகளைக் கல்லாக்கும் ஒரு மந்திரவாதி. அவன் பெயர் ஜவரய்யன். சந்தையில் யாரோ யாரையோ அப்படிக் கூப்பிட்டது காதில் விழுந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதாகவும் பயமாகவும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

கௌரம்மாவின் கை நின்றுவிட்டது.

"ஆ ஹெசரு பேடா, புவனக்கா" என்றார். அந்தப் பெயர் வேண்டாம் என்கிறார். ஏன் என்று அண்ணி கேட்டார். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை என்பது எங்கள் வழக்கம் மட்டுமல்ல, அவர்களுக்கும் அதுதான். பெயரைச் சொல்லாமலேயே விஷயத்தைச் சொன்னார்.

"அது எங்க மாமனாரோடது அக்கா. அவருக்கு முன்னாடி பொறந்தது ஒண்ணும் தங்கல. எமன் பேரையே வெச்சா எமன் தொடமாட்டான்னு அவரோட அம்மா வெச்சாங்களாம். தொடவும் இல்ல. எம்பது வயசு வரைக்கும் இருந்தாரு."

கன்னடத்தில் ஜவராயன் என்றால் எமன் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணி தாள்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "நம்ம பேருக்குப் பயந்து நாமளே ஒளிஞ்சிருக்கோம். அந்த எடத்துல ஒக்காந்து, காப்பாத்தற வீட்டோட பேர நான் மந்திரவாதிக்கு வெச்சிருக்கேன்" என்று பின்னாளில் எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். முந்தைய அத்தியாயங்கள் அந்தப் பெயரோடு அச்சாகியிருந்தன. எனவே அடுத்த அத்தியாயத்தில், மந்திரவாதி அந்தப் பெயரை ஒரு நல்ல கிழவரிடமிருந்து திருடியவன் என்று எழுதி, பெயரைக் கிழவரிடமே திருப்பிக் கொடுக்க வைத்தார். மந்திரவாதி அதன் பிறகு பெயரில்லாமலே செத்தான்.

ஊர் அடங்கி நாங்கள் மாடிக்குத் திரும்பியதும், பெயர்ப்பலகையைக் கேட்டில் மாட்டுவதற்குத் திருப்புளி கொண்டுவந்து கொடுத்தவரும் கௌரம்மாதான்.

அன்று முதல் அண்ணிக்கு ஒரு வழக்கம் உண்டாயிற்று. புதுப் பெயர் ஒன்று உருவானதும் மாடிக் கைப்பிடிச் சுவர் அருகே நின்று அதைத் தெருவைப் பார்த்து உரக்கக் கூப்பிடுவார். எங்கள் தெருவில் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு எல்லாம் உண்டு. சர்ச்சுக்குப் போகிற குடும்பங்களும் உண்டு. யாராவது திரும்பிப் பார்த்தால் அந்தப் பெயர் தள்ளுபடி. எதிரே தையல்கடை வைத்திருக்கும் ரஹீம் பாய் முதலில் பதறினார்; பிறகு தலை நிமிராமலேயே, "நம்மாளுங்கள்ல யாரும் இல்லக்கா" என்று சொல்லப் பழகிக்கொண்டார். ஒருமுறை அண்ணி "தெல்மோரா" என்று கூப்பிட, தெருவில் போய்க்கொண்டிருந்த தெல்மா டீச்சர் குடையோடு நின்று, "என்ன புவனா, கூப்பிட்டீங்களா?" என்றார். அண்ணி கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். உள்ளே வந்து, "சூனியக்காரிய கூப்ட்டா கணக்கு டீச்சர் வர்றாங்க" என்று சொல்லிவிட்டு அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டார்.

பெயர் எல்லாப் பிள்ளைகளின் வாயிலும் நுழைய வேண்டும், முடியும்போது கதவைச் சாத்தியது போல நிற்க வேண்டும், அர்த்தம் கேட்டால் யாராலும் சொல்ல முடியக்கூடாது என்பார். ராட்சசன் என்றும் இருள் என்றும் பெயரிலேயே எழுதி ஒட்டுவது சோம்பேறித்தனம் என்பார்.

எனக்கு இதில் மனம் ஒப்பியதில்லை. சகஸ்ரநாமம் சொல்கிற வாயால் அரக்கன் பெயரை உச்சரிக்க மாட்டேன் என்று இருந்தேன். விளக்கேற்றிய பிறகு அந்தப் பெயர்கள் வீட்டில் கேட்கக்கூடாது என்று நான் கேட்டுக்கொண்டதை அண்ணி ஒருநாளும் மீறவில்லை. ஒருமுறை நானே குத்தலாக, சாமிக்கே ஆயிரம் பெயர் கிடைக்கிறது, ஓர் அரக்கனுக்கு ஒரு பெயர் கிடைக்க ஒரு மாதமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"சாமிய எந்தப் பேர் சொல்லிக் கூப்ட்டாலும் திரும்பிப் பாக்கும், அதனால சுலபம். இவனுக்கு ஒருத்தரும் திரும்பாத பேரு வேணுமே."

அதன் பிறகு நான் அவரைக் குத்திப் பேசியதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, அவருடைய தொடர்கதைகளைச் சிறுவயதில் படித்து வளர்ந்த ஒருவர் மூலமாக அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அச்சகம் மூடி வீட்டில் இருந்தவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அங்கே பெரிதாக ஒரு விளையாட்டு தயாரானபோது சங்கடம் வந்தது. அதன் தலைமை வில்லனுக்கு மேலதிகாரி தாமே ஒரு பெயர் கொண்டுவந்தார். கேட்டவுடன் இன்ன மதத்து ஆள் என்று தெரிகிற பெயர். எங்கள் எதிர்க்கடைக்காரரின் பெயரோடு வால் ஒட்டியது போல இருந்தது. வெளிநாட்டில் அப்படி இருந்தால்தான் விற்கும் என்றாராம். அண்ணி முடியாது என்றார். "இது வெறும் கேம்தானே மேடம்" என்றிருக்கிறார் அவர்.

"கேம்தான் சார். கதையில ஒருதடவைதான் கொல்லுவாங்க. இதுல பிள்ளைங்க ஒரே பேர ஆயிரம் தடவ கொல்லுவாங்க" என்று அண்ணி பதில் சொன்னதை, அங்கே உடன் வேலை பார்த்த பிள்ளைகள் துக்கம் கேட்க வந்தபோது என்னிடம் சொன்னார்கள்.

திங்கட்கிழமைக்குள் இதைவிடப் பயமான பெயரோடு வரவேண்டும், இல்லாவிட்டால் வரவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போதே அண்ணியின் தொண்டையில் நோய் தொடங்கியிருந்தது. மருந்துக்கு அந்தச் சம்பளம் தேவைப்பட்ட காலம். வேலை போனால் போகட்டும் என்று என் கணவர் சொன்னார். அண்ணி, "என் வேல போனா அந்தப் பேரு உள்ள வந்துரும்டா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பெயர் கிடைத்தது. கைப்பிடிச் சுவர் அருகே போய் நின்றார். குரல் எழும்பவில்லை. இன்னொரு முறை முயன்றார், காற்றுதான் வந்தது. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு என்னைப் பார்த்தார். கூப்பிடச் சொல்லிக் கேட்கவில்லை. என் விரதம் அவருக்குத் தெரியும்.

நான் அம்மனை நினைத்துக்கொண்டேன். உனக்கு ஆயிரம் பெயர் சொன்ன வாய்தான் தாயே, இது ஒருவர் பெயரும் கெடாமல் இருக்க, என்று வேண்டிக்கொண்டு தெருவைப் பார்த்து, என் வாழ்நாளில் கூப்பிடாத உரத்த குரலில் கூப்பிட்டேன்.

"ஊமுராக்!"

கௌரம்மா படியில் பூக்கட்டிக்கொண்டே இருந்தார். சைக்கிளில் போனவர் போய்க்கொண்டே இருந்தார். ரஹீம் பாயின் தையல் மிஷின் நிற்கவில்லை. ஆனால் கடை வாசலில் விளையாடிக்கொண்டிருந்த அவருடைய சின்ன மகள் சமீனா, வெடுக்கென்று எழுந்து உள்ளே ஓடி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அண்ணி என் கையைப் பிடித்து, "பாத்தியா? யாருதும் இல்ல. ஆனா பயமா இருக்கு" என்று கிசுகிசுத்தார். மறுநாள் அந்தப் பெயரையே கம்பெனி எடுத்துக்கொண்டது. மேலதிகாரி அர்த்தம் கேட்டாராம். இல்லை என்று அண்ணி எழுதிக் காட்டியிருக்கிறார்.

அதன் பிறகு அவர் வைத்த பெயர்கள் எல்லாவற்றையும் நான்தான் கூப்பிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, யார் திரும்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை, கோலம் அழிந்து கிடந்த வாசலைக் கழுவ இறங்கினேன். அந்த விளையாட்டு கம்ப்யூட்டரை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்கு வந்து வெகுகாலமாகிறது. பிள்ளைகள் வில்லனான ஒருவனைத் துரத்தினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடிய சமீனாதான் கத்தினாள்: "ஊமுராக்!" தெல்மா டீச்சர் குடையோடு போய்க்கொண்டே இருந்தார். ரஹீம் பாய் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கௌரம்மா தலை நிமிரவில்லை.

நிம்மதியாகப் போய் வாருங்கள், அண்ணி. தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன், மாடியில் உங்கள் நாற்காலியை.