ஒரு காசு குறையும்போது

என் தங்கை மோகனாவைக் கட்டியவன் நாட்டுக்கே காசு அடிக்கிறவன். கேட்பதற்கு ஏதோ பெரிய இடத்துச் சம்பந்தம் போல இருக்கும். ஆளைப் பார்த்தால், வாரம் ஒருமுறை பஸ்ஸில் கசங்கி வந்து பீடோங்கில் என் மளிகைக் கடை வாசலில் இறங்கி நிற்பான். பெயர் சசிதரன். பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய மணியத்தின் மகன். தொழிற்பயிற்சிப் பள்ளியில் இயந்திர வேலை படித்து, தெற்கே வெகுதூரத்தில் சிலாங்கூரில் இருக்கும் நாணயச்சாலையில் சேர்ந்தவன். கல்யாணத்தன்று எங்கள் பிரேமாவதி அத்தை, "ஏன் மாப்பிள்ள, வரும்போது ஒரு கை அள்ளிட்டு வரலாம்ல?" என்று கேட்டாள். பந்தியே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க சட்டையில ஜோப்பே கெடையாதுங்க அத்தை" என்றான்.

நிஜம்தான். உள்ளே போகும்போது கையில் ஒரு காசு இருக்கக் கூடாது. கைப்பேசியும் வாசலில் இருக்கும் பெட்டிக்குள் போய்விடும். எங்கள் அப்பா காலத்தில் காசு வெளிநாட்டில் அடித்துக் கப்பலில் வந்து இறங்கியதாம். எழுபதுகளின் தொடக்கத்தில்தான் நம் நாடு சொந்தமாக அடிக்க ஆரம்பித்தது என்று அவன் ஏதோ தன் பாட்டன் சொத்தைப் போலச் சொல்வான். எழுத்தில்லாத வெறும் வில்லைகள் இயந்திரத்துக்குள் போகும். மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு. ஒரே அடியில் இரண்டு முகமும் விழுந்துவிடும். என் கல்லாவில் கைவிட்டு ஐம்பது காசு ஒன்றை எடுத்து, ஓரத்தைத் தடவி, வருடத்தைப் பார்த்து, "இது நான் அடிச்சது மச்சான்" என்பான். "ஏன், பேரு போட்டிருக்கா?" என்று கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மோகனா இங்கே தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. போலீஸ்காரனென்றால் பீடோங்குக்கு மாற்றல் கேட்கலாம், வாத்தியாரென்றாலும் கேட்கலாம். நாட்டில் மாரியம்மன் கோயில் எத்தனையோ உண்டு, நாணயச்சாலை ஒன்றுதான். எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை, அங்கே சனியும் ஞாயிறும். ஆக, புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பொதுவாக வாய்த்தது ஒரே ஒரு சனிக்கிழமை. பிள்ளையும் இல்லை. அந்த ஒரு நாளை வைத்தே அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். நன்றாகத்தான் நடத்தினார்கள் என்று இப்போது சொல்கிறேன். அப்போது குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அவன் வேலையிடத்து விதியைப் பற்றிச் சொன்னான். போன வில்லையும் வந்த காசும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை யாரும் வெளியே போக முடியாது, கதவு திறக்காது.

"பத்துக் காசுக்காக மனுசனப் பூட்டி வெப்பாங்களா?" என்றாள் மோகனா.

"பத்துக் காசு இல்ல மோகனா. கணக்கு."

"என் கணக்குல வாரத்துல ஆறு நாளைக்கு ஒரு ஆளு குறையுது. நான் எந்தக் கதவப் பூட்டுறது?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

போன வருடம் அவளுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் கொதித்துவிட்டு வியாழக்கிழமை காலை உடம்பு சில்லென்று ஆனது. விட்டது சனியன் என்று நினைத்து, குளித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் வாசலிலேயே சரிந்தாள். டெங்கியில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில் அவர்கள் ஓடியாடித்தான் பார்த்தார்கள். மதியத்துக்கு மேல் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "புருஷனை வரச் சொல்லுங்கள்" என்றார்.

அவன் கைப்பேசி பெட்டிக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலக எண்ணைத் தேடிப் பிடித்தேன். "சொல்லிவிடுகிறோம்" என்றார்கள். சொல்லியும்விட்டார்கள். அவனிடமிருந்து மட்டும் ஒரு தகவலும் இல்லை.

"கெளம்பிட்டாராண்ணே?" என்று மோகனா கேட்டாள்.

"கெளம்பிட்டான்மா. தஞ்சோங் மாலிம் தாண்டிட்டானாம்."

அங்கிருந்து அவனை வாயாலேயே நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு வந்தேன். அவள் கண் திறக்கும்போதெல்லாம் ஓர் ஊர் சொன்னேன். தாப்பா என்றேன். ஈப்போவில் மழை, அதனால் மெதுவாக வருகிறான் என்றேன். தைப்பிங் என்றேன். ஒவ்வோர் ஊருக்கும் அவள் தலையை லேசாக ஆட்டினாள். ஜூரு டோல் என்றேன். இன்னும் எத்தனை ஊர்தான் பாக்கி இருக்கிறது? பட்டர்வொர்த்தில் நெரிசல் என்று கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தேன். கடைசியில் அவனைச் சுங்கைப்பட்டாணிக்கே கொண்டு வந்துவிட்டேன். "கீழ வண்டி நிறுத்துறான்மா" என்று சொன்னபோது அவள் தலை ஆடவில்லை.

அவன் வந்து சேர்ந்தபோது உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டது. வேலை உடுப்பிலேயே வந்திருந்தான், அந்த ஜோப்பில்லாத சட்டை, கனத்த சப்பாத்து. விடிகிறவரை அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான், அழவில்லை. காலையில் வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்குப் பின்னால் அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். அடிப்பதற்கென்றுதான் இழுத்துப்போனேன்.

"சேதி வந்துச்சா இல்லையாடா?"

"வந்துச்சு மச்சான். அப்ப ஒரு காசு குறைஞ்சிருந்துச்சு. எல்லாரும் தேடிக்கிட்டு இருந்தோம். சோதனை போட்டுட்டு நீ பாலெக் லா, வீட்டுக்குப் போன்னு மேலதிகாரி சொன்னாரு. நான்தான் போகல."

"ஏன்?"

"காசு குறையுறப்ப மொதல்ல வெளிய போனவன் நானா இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். இருபது வருசப் பேரு மச்சான். அவர் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. எனக்குத்தான் மனசு வரல. கெடைச்சதும் ஓடிடலாம்னு..."

"எங்கதான் இருந்துச்சு அந்தக் கருமம்?"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி, சப்பாத்தின் அடியைக் காட்டினான். கனத்த ரப்பரில் ஆழமான பள்ளங்கள்.

"இங்க. இந்தப் பள்ளத்துல சிக்கியிருந்துச்சு. என் காலுக்குக் கீழேயே வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம் தேடியிருக்கேன். சோதனைக்கு நின்னிருந்தா அப்பவே கெடைச்சிருக்கும்."

ஓங்கிய கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு விழ வேண்டிய அடியெல்லாம் ஏற்கனவே விழுந்திருந்தது. "முகத்தக் கழுவிட்டு வா மாப்பிள்ள" என்று மட்டும் சொன்னேன்.

நீர்மாலை எடுத்து, குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். நெற்றியில் வைக்கக் காசு வேண்டும். ஒத்த வெள்ளிக் காசாகத்தான் வைக்க வேண்டும் என்பது பிரேமாவதி அத்தையின் பிடிவாதம். இந்த நாட்டில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், தாளாக மாறி வருடக்கணக்காகிறது. பழைய கிரிஸ் கத்தி போட்ட காசு ஒன்றை அத்தை சாமி அறையில் பத்திரமாக வைத்திருந்தாள். கடையில் செல்லாது, நெற்றிக்குச் செல்லும். "புருசன் கையால வைங்க மாப்பிள்ள" என்று நீட்டினாள். அவன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான், பழக்கம். பிறகு சந்தனம் தொட்டு அவள் நெற்றியில் ஒட்டினான்.

மின்சுடலையில் எங்களுக்கு ஒதுக்கிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். அவளைத் தூக்கிப் பெட்டிக்குள் இறக்கும்போது நெற்றிக்காசு நழுவி, சிமெண்டுத் தரையில் கணீரென்று விழுந்து, ஓடி, எங்கோ நின்றது.

"பரவாயில்ல லா, வேற காசு இருந்தா வைங்க. நேரமாச்சு" என்றார் வண்டிக்காரர். நான் சட்டைப்பையில் கைவிட்டு ஐம்பது காசைத் தேடினேன்.

சசிதரன் எழுந்து வாசலுக்குப் போனான். கிரில் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அதில் முதுகைச் சாய்த்து நின்றான்.

"யாரும் வெளிய போகாதீங்க" என்றான். "ஒரு காசு குறையுது."

அத்தைதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். பிறகு எல்லோரும் குனிந்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர்கள், கூடவே வண்டிக்காரரும். நாற்காலிகளை நகர்த்தினார்கள், பாயை உதறினார்கள், அலமாரிக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினார்கள். அவன் மட்டும் தேடவில்லை. கதவில் சாய்ந்தபடி பெட்டிக்குள் இருந்த அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு, சின்னப் பிள்ளை போல அழுதான்.

நான் சுவரோரம் வெறுங்காலோடு நின்றிருந்தேன். இடது பாதத்துக்கு அடியில் ஏதோ வட்டமாய், குளிர்ச்சியாய் உறுத்தியது. குனிந்து பார்க்கத் தேவையில்லை. கடைக்காரனுக்குக் காசு தெரியாதா? காலை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

வெளியே வண்டியில் இருந்த உதவியாள் ஹாரன் அடித்தான். அத்தை மண்டியிட்டபடியே என் பக்கம் தவழ்ந்து வந்தாள்.

"அங்க இருக்காடா புவனேஸ்வரா?"

"இங்க இல்ல அத்தை" என்றேன். "நல்லாத் தேடுங்க."