சீல் உடைக்காத லேப்டாப்

நாலு மணி டீக்கு ஆள் இல்லாமல் போனதால்தான் நான் லேப்டாப் வாங்கப் போனேன். கேட்டவர்களிடம் ஆபீஸ் வேலைக்கு என்று சொல்லி வைத்தேன். ஒருவரும் நம்பவில்லை. ஆபீஸில் எனக்கென்று இருந்த கம்ப்யூட்டரிலேயே நான் பாதி நேரம் சீட்டுதான் ஆடுவேன் என்பது எங்கள் தெரு வரை தெரியும்.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் எங்கள் தையல் தளத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. வாங்கிய திட்டை இறக்கி வைக்க எனக்கு ஓர் ஆள் இருந்தான். அதே கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்த்தவன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், என் வயசுதான். தினமும் நாலு மணிக்கு எதிர் பேக்கரியில் ஆளுக்கு ஒரு டீ, நடுவில் ஒரு தேங்காய் பன். அவன் என் தொப்பையைப் பற்றிப் பேசுவான், நான் அவன் வழுக்கையைப் பற்றிப் பேசுவேன். உருப்படியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படியே வருஷக்கணக்கில் ஓடியது.

பிறகு அவனுக்கு பங்களாதேஷில் ஒரு ஃபேக்டரியில் மேனேஜர் வேலை கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து நிறையப் பேர் அப்படிப் போய்க்கொண்டிருந்த சமயம். போய்விட்டான். முதலில் போனில் பேசினோம். சாப்பிட்டாயா? சாப்பிட்டேன். மழையா? மழைதான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பேக்கரியில் எதிரே ஆள் உட்கார்ந்திருந்தால், வாயை மூடிக்கொண்டு டீயை ஊதினால்கூடப் பேசின மாதிரி இருக்கும். போனில் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் லைன் போய்விட்டதென்று அவன் ஹலோ ஹலோ என்று கத்துவான். கூப்பிடுவது குறைந்தது. இப்படியே போனால் தீபாவளிக்கு வாழ்த்து மட்டும் சொல்லிக்கொள்கிற ஆட்களாகிவிடுவோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.

ஒரு நாள் அவனே கூப்பிட்டான்.

"ஏல, இங்கன கெஸ்ட் ஹவுஸ்ல நம்ம பயலுவ எல்லாவனும் ஆன்லைன்ல ஒரு கேம் வெளாடுதானுவ. கூட்டமா காட்டுக்குள்ள போயி பூதத்த வெட்டணும். காதுல மைக்க மாட்டிக்கிட்டா பேசிக்கிட்டே வெளாடலாம். நீயும் வாயேம்ல."

"என்றா, நாப்பது தாண்டுனவன பூதம் வெட்டச் சொல்ற?"

"நீ ஒண்ணும் வெட்டாண்டாம். உன் தொப்பையப் பாத்து அதுவே ஓடிரும்."

அதைக் கேட்டதும் எனக்கு பேக்கரி வாசனையே அடித்துவிட்டது. வாங்கிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

லேப்டாப்பாகத்தான் இருக்க வேண்டும். அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது போகும் என்பதைவிட எப்போது வரும் என்பதுதான் ஊர்ப்பேச்சு. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஒரு ஃபேனையும் ஒரு லைட்டையும் இன்டர்நெட் மோடத்தையும் தாங்கும். அதற்கு மேல் எதையாவது மாட்டினால் கீச்சென்று அழும். என்ன மாதிரி லேப்டாப் என்று கேட்டதற்கு, அவன் மெமரி, வேகம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "எது இல்லாட்டாலும் கிராஃபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு தனியா இருக்கணும் பாத்துக்கோ. அது இல்லன்னா படம் நவுராது" என்றான்.

நானும் மனைவியும் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஐந்தாறு லேப்டாப்பைத் திறந்து வைத்தார். மற்றவர்கள் கம்ப்யூட்டரை எப்படிப் பார்த்து வாங்குவார்களோ எனக்குத் தெரியாது. நான் தைத்து வந்த பனியன் பீஸைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். கைக்கு ஒன்றாகத் தூக்கி எடை பார்த்தேன். விளிம்பில் பெருவிரலை ஓட்டிப் பிசிறு இருக்கிறதா என்று தடவினேன். திரையில் ஒரு சிவப்புப் படத்தைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு தடவை டியூப்லைட்டுக்குக் கீழேயும் ஒரு தடவை வாசல் வெயிலிலும் வைத்து, கலர் மாறுகிறதா என்று பார்த்தேன்.

"ஏனுங்க, துணி எடுக்கவா வந்தீங்க?" என்றாள் மனைவி.

கடைக்காரர் நல்ல மனுஷர். சிரிக்காமல் ஒரு லேப்டாப்பை முன்னால் தள்ளினார். "நீங்க சொல்ற கேமு இதுல ஓடுங்ணா. ஷோ பீஸ்லயே போட்டுக் காட்டிப்போடறனுங்க."

போட்டுக் காட்டினார். காடு வந்தது. இலை அசைந்தது. ஓடையில் வெயில் பட்டு மினுங்கியது. சீரியல் தவிர எதையும் திரையில் உற்றுப் பார்க்காத என் மனைவியே குனிந்து, "நெசந் தண்ணியாட்டவே இருக்குதுங்க" என்றாள்.

"சாம்பிள் ஓகேங்க. இதே மாடல்ல சீல் உடைக்காத பீஸ் ஒண்ணு குடுங்க" என்றேன் நான்.

"இதையே எடுத்துக்குங்ணா. இப்பத்தான் வந்துது. ஓடறத கண்ணுல பாத்துட்டீங்கள்ல?"

முடியாது. எங்கள் தொழிலில் அப்ரூவ் ஆன சாம்பிளை யாரும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். பையர் சரி என்று கையெழுத்துப் போட்ட பீஸ் ஆணியில் தொங்கும். அதைப் பார்த்துப் புதிதாகத் தைத்து, மடித்து, கவரில் போட்டு ஒட்டியதுதான் போகும். இத்தனை வருஷம் அதையே செய்த எனக்கு, சாம்பிளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதென்றால் ஆணியில் தொங்குவதைத் திருடிப் போகிற மாதிரி இருந்தது.

"ஓடறத உட்டுப்போட்டு, ஓடுமோ ஓடாதோங்கறத எதுக்குங்க எடுக்கறீங்க?" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியாது, சும்மா இரு. இது தொழில் மொறை."

கடைக்காரர் உள்ளே போய்ப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். "ஒண்ணே ஒண்ணுதானுங்ணா இருக்குது. அதே மாடல்தான், கடைசி எழுத்து மட்டும் வேற. இதுல கிராஃபிக்ஸ் கார்டு தனியா வராதுங்ணா. கேமுக்கு இத நான் சொல்ல மாட்டனுங்க."

"மத்ததெல்லாம் அதேதானுங்களே? டாலரன்ஸ்ல வந்துருமுங்க" என்றேன்.

பனியனில் மார்பளவு ஒரு சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். அதற்குத்தான் டாலரன்ஸ் என்று பெயர். பையர்களிடம் நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வசனம் அது. அவர்களில் ஒருவரும் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை. அன்று நானே பையராகவும் இருந்துவிட்டதால் உடனே ஒத்துக்கொண்டேன். கடைக்காரர் என் மனைவியைப் பார்த்தார். அவள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள்.

அவனுக்கு அங்கே வெள்ளிக்கிழமை லீவு, எனக்கு ஞாயிறு. இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியது சாயங்காலம்தான். ஒரு சாயங்காலம் மைக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் நமக்கென்று ஓர் உருவம் எடுத்துக்கொள்ள வேண்டும். வயிறு என்பதே இல்லாத ஒரு வீரனை எடுத்தேன். உள்ளே போனால், ஒரு கிராமத்து வாசலில் இடுப்பு வரை முடி தொங்குகிற ஒருவன் நின்றிருந்தான். யாரென்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"இத்தன நீளச் சவுரி எவ்வளவுடா ஆச்சு?" என்றேன்.

"உன் வயித்த எந்த டெய்லர்கிட்ட குடுத்து எடுத்தியோ, அவன்கிட்டதாம்ல வாங்குனேன்."

அதுவரை நன்றாகத்தான் போனது. பிறகு நடக்க ஆரம்பித்தேன். கடையில் பார்த்த காடு என் லேப்டாப்பில் மொட்டை மரங்களாக இருந்தது. ஓடை இருந்த இடத்தில் நீலமாக ஒரு கட்டம். கல்யாண ஆல்பத்தை யாரோ மெதுவாகப் புரட்டுகிற மாதிரி, ஒரு படம் வந்து நிற்கும், யோசிக்கும், அடுத்த படம் வரும்.

"ஏல, ஏன் அங்கனயே நிக்கே?"

"நடந்துட்டுத்தான்டா இருக்கறேன்."

"எங்கன நடக்கே? போஸ்ட்டு மரத்தப் பாத்த நாயி மாதிரி ஒத்தக் காலத் தூக்கிட்டு நிக்கே."

அவனுடைய கெஸ்ட் ஹவுஸ் பையன்கள் நாலைந்து பேர் வாளோடு காத்திருந்தார்கள். "அண்ணாச்சி, ஒங்க ஃப்ரெண்டு வாராரா இல்லியா?" என்று ஒரு குரல் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. என் திரையில் அடுத்த படம் வந்து சேர்ந்தபோது வாசலில் அவனைத் தவிர யாரும் இல்லை. தொழில் முறை பார்த்து வாங்கின லட்சணம் இதுதானா என்று எனக்கு முகம் சூடாகிவிட்டது. இனி அவனும் போவான். நான் மறுபடி சாப்பிட்டாயா, மழையா என்று கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"நீயும் போடா. நான் பின்னாடியே வந்தர்றேன்" என்றேன்.

"நீ வார வேகத்துக்கு நான் ரிட்டயரே ஆயிருவேன். போறவன் போட்டும்ல. வாசல்ல எரியுதுல்லா, அந்தத் தீயிக்கிட்ட வா. ஒக்காருததுக்கு ஒரு பட்டன் இருக்கு, அமுக்கு."

தீ பக்கத்திலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. அமுக்கினேன். சற்று நேரம் கழித்து என் ஆள் உட்கார்ந்தான். எதிரே முடிக்காரன் உட்கார்ந்திருந்தான். பங்களாதேஷில் டீக்கு டின் பால் ஊற்றுகிறார்கள், பாயசம் மாதிரி இருக்கிறது என்று அவன் குறைப்பட்டுக்கொண்டான். புது பையர் காலர் கோணல் என்று ஒரு லாட் சரக்கையே திருப்பிவிட்டதை நான் சொன்னேன். பிறகு இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை. தீ மட்டும் படபடவென்று சத்தம் போட்டது. அவன் ஹலோ என்று கத்தவில்லை. ஆள்தான் எதிரே உட்கார்ந்திருப்பது தெரிகிறதே.

மறுநாள் கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஷோ பீஸை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். கடைக்காரர் அதற்கும் சிரிக்கவில்லை. அடுத்த சரக்கு வந்ததும் மாற்றித் தருவதாகச் சொன்னார். அது வருவதற்குள் தீ பக்கத்தில் உட்காருவது தினப்படி ஆகியிருந்தது. அந்த நேரத்துக்கு மனைவி டீயைக் கொண்டுவந்து லேப்டாப் பக்கத்தில் வைப்பாள். "இன்னைக்காச்சும் எந்திரிச்சு நடந்தீங்களா?" என்று திரையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள்.

கடைக்காரர் சொன்னபடியே கூப்பிட்டார். "கார்டு வெச்ச பீஸ் வந்துருச்சுங்ணா. கொண்டாங்க, மாத்திப்போடலாம்."

நான் யோசித்தேன். படம் நகர ஆரம்பித்தால் நானும் காட்டுக்குள் ஓட வேண்டும். ஓடுகிறவர்கள் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். இடது, வலது, அடி, செத்தான். இந்த நாலு வார்த்தைதான்.

"இருக்கட்டுமுங்க. இதுவே செட் ஆயிருச்சு."

"படம் நவுருதுங்களா?"

"நவுரலீங்க. பையர் அக்செப்ட் பண்ணிட்டாருங்க."

அன்று சாயங்காலம் வழக்கம்போலத் தீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். லேப்டாப்பை மாற்றவில்லை என்று அவனிடம் சொன்னேன். அவன் திடீரென்று, "ஏல, உன் பின்னால காட்டுப்பன்னி வருது" என்றான்.

"எனக்கு அது இன்னும் கெணத்தோரமாத்தான் நிக்குது."

"எந்திரில. கிட்ட வந்துட்டு."

"வரட்டும்டா. அந்த டின் பால் கதையச் சொல்லு."

அந்தப் பக்கம் பெரிதாகச் சிரிப்புச் சத்தம். "செத்துட்டல நீ!"

"அப்படியா?" என்று டீயை எடுத்து ஊதினேன். "எனக்கு இன்னும் தகவல் வரலியே."