அங்கத்துவம் இல்லாத கட்டுப்பாட்டாளர்

விளம்பரத்தில் அவர்கள் கேட்டிருந்த தகுதிகளில் பாதிகூட என்னிடம் இருக்கவில்லை. நிதிக் கட்டுப்பாட்டாளர் தேவை, பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் அங்கத்துவம் பெற்றிருக்க வேண்டும், பத்து வருட அனுபவம் வேண்டும் என்று போட்டிருந்தது. நான் கடைசிச் சோதனை வரை சித்தியடைந்திருந்தேன். ஆனால் கொழும்பில் பயிற்சிக் காலம் முடிய ஒரு வருடம் இருக்கும்போது மகள் பிறந்ததால் மானிப்பாய்க்குத் திரும்பிவிட்டேன். அதனால் அங்கத்துவம் கிடைக்கவில்லை. சும்மா போட்டுப் பார்ப்போம் என்றுதான் விண்ணப்பித்தேன்.

பருத்தித்துறையில், நண்டு இறைச்சியைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பனி அது. நேர்முகத்துக்கு வந்தவர்களில் ஒருவர் கொழும்பில் பெரிய இடங்களைப் பார்த்தவர், அங்கத்துவமும் உள்ளவர். அவரைப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். என்னிடம் முதலாளி ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“இன்னும் அங்கத்துவம் எடுக்கேல்லையோ பிள்ளை?”

“இல்லை சேர். ஒரு வருசப் பயிற்சி மிச்சம் இருக்கு.”

“அது பரவாயில்லை.”

நான் கேட்டதைவிடக் கூடிய சம்பளம் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, அந்தக் கொழும்புக்காரரை விட்டு என்னை ஏன் எடுத்தார்கள் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் கணவரிடம் சொன்னேன். “உமக்கு எதிலைதான் சந்தேகம் இல்லை? கிடைச்சதைச் செய்யும்” என்றார்.

கட்டுப்பாட்டாளர் என்றால் பெரிய கணக்கப்பிள்ளை என்றுதான் எங்கள் பக்கத்தில் நினைக்கிறார்கள். கணக்கு எழுத வேறு ஆட்கள் இருப்பார்கள். பொருளுக்கு ஓடர் கொடுப்பவரே அதைத் தராசில் நிறுத்து எடுக்காமலும், நிறுத்து எடுப்பவரே காசோலை எழுதாமலும் கட்டுப்பாட்டாளர் பார்க்க வேண்டும். புத்தகத்தில் இருப்பது களஞ்சியத்திலும் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். அதன் பிறகு கணக்குக்குக் கீழே தன் பெயரை வைக்க வேண்டும். சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம்.

நான் முதலில் சந்தேகப்பட்டது களஞ்சியப் பொறுப்பாளரை. ஐம்பது தாண்டிய, அதிகம் கதைக்காத மனிதர். குளிர் அறைப் பூட்டின் திறப்பை நூலில் கோத்து இடுப்பில் கட்டியிருப்பார். தராசுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு கொப்பியில் ஏதோ எழுதுவார். நான் உள்ளே வந்தால் மூடிச் சேட்டுப் பைக்குள் வைத்துவிடுவார். கம்பனியின் பதிவேடு மேசையில் கிடக்கும்போது இது என்ன இரண்டாவது கொப்பி?

கணக்கு வருடம் முடிய இரண்டு கிழமை இருக்கும்போது, பெட்டிகளை எண்ண வேண்டும் என்றேன்.

“இண்டைக்கு வேண்டாம் மிஸ். கரண்ட் போய்ப் போய் வருது. கதவைத் திறந்தால் குளிர் போயிடும்.”

அடுத்த நாள் வேறொரு காரணம் சொன்னார். மூன்றாம் நாள், பெட்டி கட்டும் பெண்களுக்கு முன்னால் திறப்பை அவரிடமிருந்து வாங்கினேன். எண்ணி முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றேன். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

இரண்டு பெண்களோடு குளிர் அறைக்குள் போனேன். முன்வரிசைகள் சரியாக இருந்தன. பின்வரிசையில் ஒரு பெட்டியை அந்தப் பெண்களில் ஒருத்தி ஒற்றைக் கையால் தூக்கிவிட்டாள்.

“மிஸ், இதுக்குள்ளை ஒண்டும் இல்லை.”

லேபல் ஒட்டி, திகதி போட்டு, வெறும் பெட்டிகள். எண்ணி முடித்தபோது புத்தகத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அந்த அறையில் இல்லை.

கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்ற நினைப்போடு கொழும்பில் இருந்த முதலாளிக்கு ஃபோன் எடுத்தேன். பொலிசுக்குப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“உதைப் பெரிசாக்க வேண்டாம் பிள்ளை. புத்தகத்திலை இருக்கிறபடி கணக்கை முடிச்சுவிடும். நான் வந்து கதைக்கிறன்.”

எத்தனை பெட்டி குறைகிறது என்று அவர் கேட்கவேயில்லை. ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

மறுநாள் காலை களஞ்சியப் பொறுப்பாளரின் வீட்டைத் தேடிப் போனேன். அவருடைய மனைவி கதிரை எடுத்துப் போட்டார், முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் கேட்பதற்கு முன்பே களஞ்சியப் பொறுப்பாளர் அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். ஒவ்வொரு நாளும் உண்மையில் வந்ததும் போனதும் அதில் இருந்தன. வெறும் பெட்டிகள் எந்த நாளில், யார் சொல்லி அடுக்கப்பட்டன என்பதும் இருந்தது. எல்லா இடத்திலும் முதலாளிதான்.

“உங்களை எண்ண விடவேண்டாம் எண்டும் அவர்தான் சொன்னவர். உங்கடை கதிரையிலை முந்தி இருந்தவருக்கு இதைக் காட்டினனான். பாத்திட்டு அடுத்த மாசமே வேலையை விட்டிட்டார்.”

“எனக்கு ஏன் அண்ணை காட்டேல்லை?”

“உங்களை அவர் தேடி எடுத்தவர். நான் எப்பிடி மிஸ் நம்புறது?”

நான் அவரைப் பார்த்த கண்ணாலேயே அவரும் என்னைப் பார்த்திருக்கிறார். திறப்பை வாங்கியது பிழை, மன்னியுங்கோ என்றேன்.

“இஞ்சை சொல்லி என்ன மிஸ். எங்கை வைச்சு வாங்கினீங்களோ அங்கை வந்து சொல்லுங்கோ.”

முதலாளி வந்து, தேநீர் வரவழைத்து, மறைக்காமல் சொன்னார். அந்தப் பெட்டிகளைக் காட்டித்தான் வங்கியில் கடன் எடுத்திருந்தார். சீசன் வந்ததும் நிரப்பிவிடலாமாம்.

“இதிலை நான் கையெழுத்து வைக்கேலாது சேர்.”

“ஏன் பயப்பிடுறீர்? நீர் அங்கத்தவர் இல்லைத்தானே. உம்மடை பேரை வெட்டுறதுக்கு ஒரு இடமும் இல்லை.”

அங்கத்துவத்தைப் படிப்புக்குக் கிடைக்கும் மரியாதை என்றே அதுவரை நினைத்திருந்தேன். பிழை விட்டால் அதைப் பறித்துவிடுவார்கள் என்பதை யோசித்ததில்லை. பறிகொடுக்க ஒன்றும் இல்லாத ஆளைத்தான் இவர் தேடியிருக்கிறார்.

களஞ்சியப் பொறுப்பாளரிடம் கேட்டு, கொப்பியின் பிரதியையும் என் எண்ணிக்கையையும் வருடக் கணக்கைச் சரிபார்க்க வெளியிலிருந்து வந்த கணக்காய்வாளர்களிடம் கொடுத்தேன். அன்றைக்கே விலகல் கடிதமும் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், பெண்கள் எல்லாரும் இருக்கும்போது, திரும்ப வேலைக்கு வந்திருந்த களஞ்சியப் பொறுப்பாளர் மீது பிழையில்லை, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கணக்காய்வாளர்கள் கையெழுத்திட மறுத்தார்கள். வங்கி ஆட்கள் வந்து அறையைத் திறந்து பார்த்தார்கள். முதலாளி கொழும்புக் காணியை விற்றுக் கடனைக் குறைத்ததாகக் கேள்விப்பட்டேன். குளிர் அறைத் திறப்பு பழைய ஆளிடமே இருக்க வேண்டும் என்று வங்கி பிடிவாதமாக நின்றதாம்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கணக்காய்வு நிலையத்தில், என்னைவிடப் பத்து வயது இளையவர்களோடு இருந்து மிச்சப் பயிற்சியை முடித்தேன். இப்போது அச்சுவேலியில் ஒரு கம்பனியில் கட்டுப்பாட்டாளர். சேருவதற்கு முன், அந்தக் கதிரையில் முன்பு இருந்தவரின் ஃபோன் இலக்கத்தை வாங்கி அவரோடு கதைத்தேன். எல்லாம் நல்ல ஒழுங்கு என்றார். முதல் கிழமையே களஞ்சியத்தை எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. அடுத்த மாதமும் எண்ணினேன்.